உள்மூச்சு

ரான்வெய்க் "ஆமாம்" சொல்லும்போது
மூச்சை உள்ளே இழுப்பாள்.
முதல் வாரம் பயந்துபோனேன்.
உப்பு போதுமா என்று கேட்டால்
காலடியில் பாம்பைக் கண்டவள் போல ஓர் இழுப்பு.
"யாவ்."
அவ்வளவுதான். போதுமாம்.

எனக்குக் கொடுத்த அறை
அவள் மகன் பெர்க்ஸ்வெய்னுடையது.
அவன் துணி உலர்த்தும் இயந்திரத்தின் பக்கத்தில்
மெத்தை போட்டுக்கொண்டான்.
மூன்று மாதத்தில் என்னிடம் பேசியது:
"கதவை மூடு."
"பஸ் போய்விட்டது."
"அது பாலாடை இல்லை, மீன்."
சுவரில் அவன் கழற்றிய படங்களுக்கு
நான்கு நான்காய் ஊசித் துளைகள்.
தூக்கம் வராத இரவுகளில் எண்ணினேன்.
நாற்பத்து நான்கு. ஒரு படத்தை
மூன்று ஊசியில் மாட்டியிருந்தால் தவிர
பதினோரு படங்கள்.

என்கார்னசியோனில், விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன்:
"எந்த இடத்துக்கும் சீக்கிரம் பழகிவிடுவேன்."
இசாஃபியோர்துர் நீச்சல் குளத்தில்
ஒட்டுத்துணி இல்லாமல் குளித்த பிறகுதான்
இறங்கலாம் என்று
காவல் அம்மாள் சுவர்ப்படத்தைத் தட்டிக் காட்டியபோது,
தேய்க்க வேண்டிய இடங்களுக்கு
சிவப்புச் சாயம் பூசியிருந்த அந்தப் படத்தின் முன்னால்,
அந்த வரி நினைவுக்கு வந்தது.
பூனை கண்ணை மூடிக்கொண்டது.
உலகம் இருளவில்லை.

உலகம் இருண்டது நவம்பர் கடைசியில்.
மலைக்குப் பின்னால் போன சூரியன்
இரண்டு மாதம் ஊருக்குள் எட்டிப் பார்க்கவில்லை.
காலையில் ஒரு கரண்டி மீனெண்ணெய்;
ஐந்து வயது இல்வா
என் மூக்கைப் பிடித்துவிடுவாள்.

இந்த மொழியில் பெயர்கூடச் சும்மா இருக்காது.
அவளாக வந்தால் இல்வா,
அவளைத் தேடிப் போனால் இல்வு.
குதிரை ஒன்றுதான், வால் நான்கு.
என் பெயரில் எந்த வாலும் ஒட்டவில்லை.
அராசேலி, அராசேலி, அராசேலி என்று
எல்லா வேற்றுமையிலும் வைத்துப் பார்த்துவிட்டு
"உடைஞ்சிருக்கு" என்றாள் இல்வா.

ஜனவரி இருபத்தைந்து, சூரியன் திரும்பும் நாள்.
தெருவெல்லாம் காப்பி வாசனை.
மெல்லிய பான்கேக், மடிப்புக்குள் ருபார்ப் ஜாம்.
எல்லோரும் ஜன்னலில்.
மேகம்.
யாரும் அலுத்துக்கொள்ளவில்லை, தட்டை நீட்டினார்கள்.
பெர்க்ஸ்வெய்ன் எனக்கு இன்னொன்று வைத்து
"வந்திருக்கும். மேகத்துக்கு அந்தப் பக்கம் நிற்கும்.
நாளைக்குப் பார்க்கலாம்" என்றான்.
அதுவரை அவன் என்னிடம் பேசியதிலேயே நீளமானது.
பதில் சொல்ல வினைச்சொல் தேடுவதற்குள்
பாத்திரம் கழுவப் போய்விட்டான்.

மாலையில் அம்மா அழைத்தாள்.
அங்கே நாற்பது டிகிரி. மின்விசிறிக்கு முன்னால் முகம்;
சொற்கள் நறுக்கி நறுக்கி வந்தன.
சாப்பிட்டாயா?
மூச்சை உள்ளே இழுத்தேன்.
"என்னடி? அழுகிறாயா? யார் என்ன சொன்னார்கள்?"
ஆமாம் என்றுதான் சொன்னேன், அம்மா.
"எங்கே, திரும்பச் சொல்."
சொன்னேன், வெளிமூச்சில், எங்கள் மொழியில்.
நம்பவில்லை. அப்பாவைக் கூப்பிட்டாள்.
பக்கத்து வீட்டு நீல்டாவையும் கூப்பிட்டாள்.
மூன்று முகங்கள் ஒரு சட்டத்துக்குள் முட்டிக்கொண்டு
மாறி மாறிக் கேட்டன:
சாப்பிட்டாயா?

குளிர்பெட்டியில் என் தயிர் டப்பாவில்
கிரேயானால் என் பெயர்.
ஓர் எழுத்து கண்ணாடியில் பார்த்தது போலத் திரும்பியிருந்தது.
கடைசியில், நான் கொண்டுவராத
இரண்டு எழுத்துகள் கூடுதலாக:
ஒரு பொருள் இன்னாருடையது என்பதற்குச் சேர்க்கும் வால்.

பெர்க்ஸ்வெய்ன் குனிந்து படித்தான்.
"தப்பு. வெளியூர்ப் பெயருக்கு இது வராது."

இல்வா மூச்சை உள்ளே இழுத்தாள்.
"யாவ்."
அழிக்கவில்லை.

தயிர் கொஞ்சம் புளித்திருந்தது.
கதவைத் திறந்து வைத்துக்கொண்டு,
குளிர்பெட்டி பீப் பீப் என்று கத்தக் கத்த,
நின்றபடியே சாப்பிட்டு முடித்தேன்.